மாயக்காரிகள் கற்பித்த மொழி

மாயவித்தை வல்ல இளம்பெண்களைப் பற்றிய கதைகளுக்கு இக்காலத்து இளைஞரிடையே உலகெங்கும் பெருவரவேற்பு இருந்து வருகிறது. 2004, 2005 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டனில் ‘ஸ்கை ஒன்’ என்னும் தொலைக்காட்சி நிலையம் ‘ஹெக்ஸ்’ என்றொரு தொடரை ஒளிபரப்பிற்று. நாட்டுப்புறத்தில் ஒரு பழைய மாளிகை; அம்மாளிகையில் ஓர் உறைவிடப் பள்ளி; அங்குப் பயிலும் மாணவியொருத்தி, இயல்புக்கு மீறிய ஆற்றல் தன்னிடம் உறைந்திருப்பதை உணர்ந்து திகைக்கிறாள். கதை இவ்வாறு தொடங்குகிறது. இதுபோன்ற தொடர்கள் கடல் கடந்து நம் வீட்டுக் கூடங்களுக்கும் வந்துவிட்டன. தலைநகரில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் இவற்றை ஆங்கிலத்தில் பார்க்கிறார்கள். தோழர்களுடன் இந்தியில் பேசி மகிழ்கிறார்கள். தமிழில் இத்தகைய கதை உண்டா என்று அவர்கள் கேட்டால், நாம் சற்றே தயங்குகிறோம். அத்தயக்கத்துக்கு இடமில்லை. மாயக் கதைக்கும் மொழிக்கும் உள்ள உறவு எத்தகையது என்பதை நாம் வாழும் இத்தில்லி மாநகரின் வரலாறே நமக்கு எடுத்துரைக்கும்.

முதற்கண் சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம் போன்றோர், ‘ஹெக்ஸ்’ என்பதற்குத் தமிழ் காண முற்பட்டால் ‘சூனியக்காரி’ என்னும் சொல்லே முந்திவரும். ஆனால் அச்சொல் கதைக்குரிய சொல்லன்று, பழிச்சொல். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் இப்பழியைச் சுமத்திப் பல்லாயிரவரைக் கொன்றார்கள். அவருள் பெரும்பாலோர் பெண்கள். பிரிட்டனில் 1735-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னரே சூனியக் குற்றத்துக்கு மரண தண்டனை என்னும் கொடுமை ஒழிந்தது. நம் நாட்டிலும் இக்கொடுமை முற்றும் பழங்கதையாகிவிடவில்லை. பெண்களைச் சூனியக்காரி என்று தூற்றித் துன்புறுத்துவதைத் தடுக்கப் பீகாரில் 1999-இலும், ஜார்க்கண்டில் 2001-இலும் தனிச்சட்டங்கள் இயற்ற வேண்டியதாயிற்று. ஆகவே கதையில் வரும் பெண்ணை ‘மாயக்காரி’ என்றே நாம் அழைப்போம். பழந்தமிழில் வித்தையை ‘விஞ்சை’ என்றும், அதில் வல்ல வானவரை ‘விஞ்சையர்’ என்றும் வழங்கினர். அச்சொற்களில் வியப்பு உண்டு, பழி இல்லை.

இனித் தில்லிக்கு வருவோம். பாரசீகத்திலிருந்து இந்நாட்டுக்கு வந்த கதை மரபுகளுள் ‘தாஸ்தான்’ என்பது தலையாயது. போர், அரசவைக் கொண்டாட்டம், மாயக்கோட்டை, தந்திரம் ஆகிய நான்கும் அதன் உறுப்புகள். மாயத்தால் கட்டப்பட்ட உலகினைத் ‘திலிஸ்ம்’ என்பர். மாறுவேடத்திலும் சூழ்ச்சியிலும் தேர்ந்தவரை ‘அய்யார்’ என்பர். அமீர் ஹம்ஸா என்னும் வீரனைத் தலைவனாகக் கொண்ட தாஸ்தானை அக்பர் பெரிதும் விரும்பினார். பதினாறாம் நூற்றாண்டில் அவர் ஆணையின்பேரில் அக்கதைக்கு ஏறத்தாழ 1,400 பெரிய ஓவியங்கள் துணியில் தீட்டப்பெற்றன. அப்பணி முடிய ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

அரண்மனையில் வளர்ந்த கதை வீதிக்கும் வந்தது. ஷாஜஹான் கட்டிய ஜாமா மசூதியின் வடக்குப் படிக்கட்டில் பிற்பகல் நேரங்களில் கதைசொல்லி அமர்ந்து அமீர் ஹம்ஸாவின் கதையைக் கூறுவதும், மக்கள் சூழ்ந்து நின்று கேட்பதும் வழக்கமாயிருந்தன. 1847-இல் தில்லிக் கட்டடங்களைப் பற்றிச் சர் சையத் அகமது கான் எழுதிய நூலில் இக்காட்சியைக் காண்கிறோம். நம் ஊர்க் கோயில் மண்டபங்களில் பாரதம் படித்ததையும், பொழுது சாய்ந்தபின் மக்கள் திரண்டு கேட்டதையும் அறிந்த நமக்கு, அப்படிக்கட்டு அயலிடமாகத் தோன்றாது.

இக்கதைத் தொகுதியை லக்னோவில் நவல் கிஷோர் அச்சகத்தார் உருது மொழியில் 46 தொகுதிகளாக வெளியிட்டனர். அவற்றுள் மிகவும் புகழ்பெற்றது ‘திலிஸ்மே ஹோஷ்ருபா’. ‘மதியை மயக்கும் மாயவுலகு’ என்று அதனைத் தமிழாக்கலாம். 1883-இல் இதன் முதற்பகுதி வெளிவந்தது. முதல் நான்கு பகுதிகளை முகமது ஹுசைன் ஜாஹ் என்பவரும், பிற்பகுதிகளை அகமது ஹுசைன் கமர் என்பவரும் எழுதினர். இவ்வுலகை ஆள்பவன் அஃப்ராஸியாப் என்னும் மாயப் பேரரசன். அவனுடைய ஆட்சியில் மாயவித்தை பயின்ற பெண்கள் எண்ணற்றோர். அரசி ஹைரத்தின் தங்கை பஹார், தான் செல்லுமிடமெல்லாம் வசந்தத்தைத் தோற்றுவித்துப் பகைவரை மயங்கச் செய்வாள். மஹ்ருக் என்பாள் அப்பேரரசனையே எதிர்த்துக் கிளர்ந்தெழுந்து படைக்குத் தலைமை ஏற்கிறாள். ஸர்ஸர் என்னும் வாள்வல்ல மங்கை, அய்யார்ப் பெண்களின் தலைவியாக நின்று ஆடவர்களோடு தந்திரத்தில் போட்டியிடுகிறாள். இவர்களை யாரும் தீயிலிடவில்லை. இவர்கள் படை நடத்துகிறார்கள், கட்சி மாறுகிறார்கள், தோற்கிறார்கள், வெல்கிறார்கள். பள்ளியில் படிக்கும் இன்றைய ஆங்கிலத் தொடரின் பெண்ணுக்கு இவர்கள் மூத்த தமக்கையர் எனலாம்.

ஆயினும் கதையை அச்சு காத்ததேயன்றிக் கதைசொல்லியைக் காக்கவில்லை. 1857-க்குப் பின் தில்லி அரசவை அழிந்தது. புரந்து காத்த செல்வர்கள் நலிந்தனர். பின்னர்ச் சலனப்படம் வந்தது. படிக்கட்டில் கூட்டம் குறைந்தது. இம்மரபின் இறுதிப் பெருங்கலைஞர் தில்லியைச் சேர்ந்த மீர் பாகர் அலி. மெலிந்த உடலினர், எனினும் போர்க்களத்தைக் கூறும்பொழுது வீரனாகவே மாறித் தோன்றுவார் என்று அவரைக் கேட்டவர்கள் எழுதிவைத்துள்ளனர். ஆதரிப்போர் குறைந்த முதுமைக் காலத்தில் அவர் பாக்கு விற்றுப் பிழைக்க நேர்ந்தது. 1928-இல் அவர் மறைந்தார். கிரியர்சன் நடத்திய இந்திய மொழிகளின் அளவாய்வுக்காகப் பதிவு செய்யப்பெற்ற சில நிமிடக் குரல் மட்டும் இசைத்தட்டில் எஞ்சிற்று. பல இரவுகள் நீளும் கதைகளை நெஞ்சில் தாங்கிய ஒருவரிடமிருந்து நாடு பெற்று வைத்துக்கொண்டது அவ்வளவே.

இதற்கிடையே இம்மரபின் கிளையொன்று இந்தியில் வேறு விதமாகத் தழைத்தது. காசிப் பகுதியில் காட்டுக் குத்தகை எடுத்திருந்த தேவகிநந்தன் கத்ரி என்பவர் 1888-இல் ‘சந்திரகாந்தா’ என்னும் புதினத்தை வெளியிட்டார். திலிஸ்மையும் அய்யாரையும் அவர் தாஸ்தானிலிருந்து எடுத்துக்கொண்டார். ஆனால் மாயத்துக்குப் பதிலாகப் பொறிகளையும் மருந்துகளையும் சுரங்க வழிகளையும் வைத்தார். இளவரசி சந்திரகாந்தாவின் தோழி சபலை, வேடம் மாற்றுவதில் ஆடவர் எவருக்கும் இளைத்தவளல்லள். இப்புதினம் விளைத்த பயன் கதையைவிடப் பெரிது. உருது மட்டுமே அறிந்திருந்த பலர் இதனைப் படிப்பதற்காகவே இந்தி எழுத்தைக் கற்றனர் என்று இந்தி இலக்கிய வரலாற்றை எழுதிய ஆசாரிய ராமசந்திர சுக்லர் குறிப்பிடுகிறார். ஒரு மொழியைப் பயிலுமாறு அவர்களுக்கு எவரும் ஆணையிடவில்லை. அடுத்து என்ன நிகழும் என்னும் ஆவலே அவர்களுக்கு ஆசிரியராயிற்று. நாம் ஊன்றி எண்ண வேண்டிய செய்தி இதுவே.

இந்தியாவில் தொலைக்காட்சி பிறந்ததும் தில்லியிலேதான். 1959 செப்டம்பர் 15-ஆம் நாள், வானொலியின் ஓர் அங்கமாக, சோதனை முறையில் அது தொடங்கப்பெற்றது. 1976-இல் வானொலியினின்றும் பிரிந்து ‘தூர்தர்ஷன்’ எனத் தனித்துறையாயிற்று. கதைசொல்லி அமர்ந்த ஜாமா மசூதிப் படிக்கட்டுக்கும், இப்புதுப்பெட்டி பிறந்த நாடாளுமன்ற வீதி வானொலி மாளிகைக்கும் இடையே சில கிலோமீட்டர் தொலைவே உண்டு; ஆனால் அதைக் கடக்க மாயக் கதைக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. 1985-இல் ‘விக்ரம் அவுர் பேதாள்’ தொடர் வந்தது. 1994-இல் ‘சந்திரகாந்தா’வே தொடராகி, ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நாட்டைக் கட்டிப்போட்டது. கத்ரி விலக்கிய மாயத்தைத் தொலைக்காட்சி தாராளமாகவே மீட்டுக்கொண்டது. தில்லியின் தமிழ்க் குடும்பங்களும் அவ்வேளையில் பெட்டியின் முன் அமர்ந்தன. இந்தி அறியாது வந்த மூத்தோர் சிலர், அலுவலகத்தில் கற்றதைவிட அக்கதைகளின் வழியே மிகுதியாகக் கற்றனர் என்று சொன்னால் மிகையாகாது.

அழிந்தது என்று கருதப்பட்ட தாஸ்தான் கலையும் தில்லியில் மீண்டும் தளிர்த்தது. 46 தொகுதிகளையும் தேடிச் சேர்த்து ஆராய்ந்தவர் உருதுத் திறனாய்வாளர் ஷம்ஸுர் ரஹ்மான் ஃபாரூக்கி. அவருடைய ஊக்கத்தால், உறவினரான மஹ்மூத் ஃபாரூக்கி 2005-ஆம் ஆண்டில் இந்தியா இன்டர்நேஷனல் சென்டரில் அக்கலையை அரங்கேற்றினார். வெள்ளை உடையும் தொப்பியும் அணிந்து இருவர் மேடையில் அமர்வர். காட்சித் திரை இல்லை, வாத்தியம் இல்லை. சொல் ஒன்றே கருவி. ஹோஷ்ருபாவின் மாயக்காரிகள் அச்சொல்லிலிருந்து மீண்டும் எழுந்து வந்தனர். இளைஞர் திரளாகச் சென்று கேட்டனர். பழைய உருதுச் சொற்கள் பலவும் அவர்களுக்குப் புரிந்திரா. ஆயினும் கதையின் ஓட்டம் பொருளை உணர்த்திற்று. ஏறத்தாழ எழுபத்தைந்து ஆண்டுகள் நாவிழந்து கிடந்த ஒரு கலையைக் கேட்போர் மீண்டும் பேச வைத்தனர்.

இப்பொழுது நம் பிள்ளைகளின் வினாவுக்கு வருவோம். மாயவித்தை அறிந்த இளம்பெண்ணின் கதை தமிழில் உண்டா? உண்டு. அதுவும் நம் பெருங்காப்பியங்களுள் ஒன்றாகவே நிற்கிறது. சாத்தனார் இயற்றிய ‘மணிமேகலை’யின் தலைவி இளநங்கை. புகார் நகரின் பூஞ்சோலையிலிருந்து அவளை ஒரு தெய்வம் வான்வழியே எடுத்துச்சென்று மணிபல்லவத் தீவில் சேர்க்கிறது. அங்கு அவள் மூன்று மந்திரங்களைப் பெறுகிறாள்: ஒன்று வேற்றுருக் கொள்வதற்கு, ஒன்று வானில் இயங்குவதற்கு, ஒன்று பசியை வெல்வதற்கு. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியும் அவள் கைக்கு வருகிறது. தன்னைத் தொடரும் அரசிளங்குமரனுக்குத் தப்ப, காயசண்டிகை என்னும் விஞ்சையர் மகளின் வடிவை மேற்கொள்கிறாள். வஞ்சி மாநகரில் ஆண் துறவியின் வேடம் தாங்கிப் பல சமயத்தாரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்டறிகிறாள். இவளைவிடச் சிறந்த மாணவியை எந்த உறைவிடப் பள்ளியில் காண்போம்?

பிற நாட்டு மாயக்காரிகளினும் மணிமேகலை வேறுபடும் இடமும் ஒன்றுண்டு. பெற்ற ஆற்றலைக்கொண்டு அவள் பகையை முடிக்கவில்லை, அரசைக் கவரவில்லை. பசித்தவர்க்குச் சோறிட்டாள். மன்னனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். ஆற்றல் கிடைத்தபின் அதனை என்ன செய்வது என்பதே இளமையின் பெருவினா. அதற்கு இத்தனை தெளிவான விடை கூறும் கதை பிற மொழிகளில் அரிது.

பிறருடைய கதைகளை ஏற்பதிலும் தமிழர் பின்தங்கியவரல்லர். வடநாட்டு உதயணன் கதையைக் கொங்குவேளிர் ‘பெருங்கதை’யாக்கினார். விக்கிரமாதித்தனும் வேதாளமும் நம் பாட்டிமாரின் வாய்மொழியில் உலவினர். 1947-இல் தோன்றிய ‘அம்புலிமாமா’ இதழில், முதுகில் பிணத்தைச் சுமந்து சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமனை ஓவியர் சங்கரின் சித்திரத்தில் கண்டு அஞ்சியும் மகிழ்ந்தும் எழுத்துக் கூட்டிப் படித்தவர் எத்தனை பேர்! சந்திரகாந்தா இந்தியைக் கற்பித்தது போலவே, வேதாளம் பல தலைமுறைகளுக்குத் தமிழைக் கற்பித்தது.

தில்லியில் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் உள்ளன. 1946-இல் தோன்றிய தமிழ்ச் சங்கம் உள்ளது. அவற்றின் தொண்டு பெரிது. எனினும் எழுத்தைப் பள்ளி தரும். ஆவலைப் பள்ளி மட்டும் தந்துவிட இயலாது. ‘தமிழ் படி’ என்று பிள்ளையை வற்புறுத்தும் தந்தையைவிட, ‘மணிமேகலை அன்றிரவு யாருடைய உருவை எடுத்தாள் தெரியுமா?’ என்று கேட்டு நிறுத்தும் தந்தை மிகுதியாகக் கற்பிப்பார். சொல்லும் தமிழில் இந்திச் சொல் கலந்தாலும் குற்றமில்லை. பிள்ளை இடையில் ஆங்கிலத்தில் வினவினாலும் கதையை நிறுத்த வேண்டுவதில்லை.

மீர் பாகர் அலியின் கதைகள் அவர் மறைந்தபின் நூல்களில் இருந்தன. கேட்க ஆளில்லாமையால் ஊமையாயின. கேட்க இளைஞர் வந்து அமர்ந்தபொழுது அவை பேசின. வெளிமாநிலங்களில் வாழும் நம் இல்லங்களிலும் கதைகள் உள்ளன; கேட்கும் பிள்ளைகளும் உள்ளனர். இரவு உணவுக்குப் பின் ஒரு கால் மணி நேரம் பெட்டியை அணைத்துவிட்டுச் சொல்லத் தொடங்குவதே நாம் செய்ய வேண்டுவது. நாளை அடுத்த பகுதி என்று பிள்ளை கேட்குமாயின், தமிழ் அவ்வீட்டில் இன்னும் ஒரு தலைமுறை வாழும்.