விரலில் மாட்டும் கருவி வந்த கதை

2021ல் கொரோனா இரண்டாம் அலையின்போது நம்மில் பலர் விரலை ஒரு சின்னக் கருவிக்குள் நுழைத்து, 94ஆ, 95ஆ என்று கலக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வந்த கதை இது.

மூச்சுக் குறைந்தால் நமக்கே தெரியாதா, கருவி எதற்கு என்று கேட்கலாம். மூச்சை அடக்கும்போது வரும் தவிப்புக்கு முக்கியக் காரணம் ஆக்ஸிஜன் குறைவது அல்ல, கரியமில வாயு சேர்வதுதான். முகுளத்தில் உள்ள சுவாச மையம் அதையே பெரிதும் கவனிக்கிறது. கரியமில வாயு ஒழுங்காக வெளியேறிக்கொண்டிருந்தால், ஆக்ஸிஜன் கணிசமாக இறங்கும்வரை உடம்பு எச்சரிக்காது. கொரோனாவில் சிலர் ஆக்ஸிஜன் இறங்கியும் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மயக்க மருந்து கொடுக்கப்பட்டவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கலாம். மூச்சுக்குழலுக்குள் போகவேண்டிய குழாய் உணவுக்குழலுக்குள் போய்விடலாம். அந்நாளில் மருத்துவர்கள் உதடும் நகமும் நீலம் பாரிக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். நீலம் தெரிவதற்குள் நேரம் கடந்திருக்கும்.

காதில் ஒளி பாய்ச்சி ஆக்ஸிஜனை அளக்கும் கருவி 1940களிலேயே அமெரிக்காவில் விமானிகளுக்காக வந்துவிட்டது. ஆனால் தோலும் சதையும்கூட ஒளியைத் தடுக்குமே! ஆளுக்கு ஆள் அளவைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

1970களின் தொடக்கத்தில், ஜப்பானில் நிஹோன் கோடன் நிறுவனப் பொறியாளர் தகுவோ அயோயாகி வேறொரு வேலையில் இருந்தார். ரத்தத்தில் சாயம் செலுத்தி, காதில் ஒளி பாய்ச்சி, இதயம் எவ்வளவு ரத்தம் இறைக்கிறது என்று அளக்கும் வேலை. நாடித்துடிப்பு குறுக்கே வந்து கணக்கைக் கெடுத்தது. அதை நீக்க, வேறு அலைநீளமுள்ள இன்னொரு ஒளியைச் சேர்த்தார். ஆனால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு மாறியபோது துடிப்பு மறுபடி தலைகாட்டியது. அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. தோலும் எலும்பும் துடிப்பதில்லை; தமனி ரத்தம்தான் துடிக்கிறது. துடிக்கும் பகுதியை மட்டும் இரண்டு ஒளியிலும் ஒப்பிட்டால் ஆக்ஸிஜன் அளவு கிடைத்துவிடும். தொல்லை என்று நினைத்ததே விடையாகிவிட்டது.

1974ல் இதை வெளியிட்டார். முதலில் பெரிய வரவேற்பு இல்லை. 1980களில் அமெரிக்க நிறுவனங்கள் மேம்படுத்திய பிறகே அறுவை சிகிச்சை அரங்குகளில் அது நிலைபெற்றது.

ஒரு குறை இன்னும் தீரவில்லை. கறுப்பின நோயாளிகளுக்கு இக்கருவி சில சமயம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டுகிறது என்று 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வு சொன்னது. நம்மைப் போன்ற கறுத்த தோல்காரர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். எண் நன்றாக இருந்தாலும், மூச்சு வாங்கினால் மருத்துவரைப் பார்ப்பதே சரி.

அயோயாகி 2020 ஏப்ரலில், 84 வயதில் காலமானார். உலகமே அவருடைய கருவியைக் கடை கடையாகத் தேடத் தொடங்கியிருந்த நேரம் அது.