யெமன் வணிகனின் முறையீடு

நபிகள் நாயகத்தின் வரலாற்றைக் கூறப் புகுவோர் பெரும்பாலும் ஹிராக் குகையையே முதலில் நினைப்பர். கி.பி. 610ஆம் ஆண்டளவில் அங்கே முதல் மறைமொழி அருளப்பட்டது. அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், நாயகம் இளைஞராக இருந்தபோது நிகழ்ந்த ஒன்றை நாம் இங்கு நினைவுகூர விழைகின்றோம்.

மக்கா பயிர் விளையாத பள்ளத்தாக்கு. வணிகமே அதன் உயிர். மாரியில் யெமனுக்கும் கோடையில் சிரியாவுக்கும் குறைஷியரின் ஒட்டகச் சாத்துகள் சென்றுவந்தன. ஆயின், அந்நகரில் அரசனுமில்லை, நீதிமன்றமுமில்லை. ஒருவனுக்குக் காவல் அவன் பிறந்த குலம் ஒன்றே. குலத்துணை இல்லாத அந்நியனுக்கு அங்கு நியாயமும் இல்லை.

யெமனிலுள்ள ஸபீத் என்னும் ஊரைச் சேர்ந்த வணிகன் ஒருவன், ஸஹ்ம் குலத்துப் பெருந்தனவந்தரான ஆஸ் இப்னு வாயிலுக்குச் சரக்கு விற்றான். சரக்கைப் பெற்றவர் விலை கொடுக்க மறுத்தார். அவருடைய நேசக் குலத்தாரிடம் முறையிட்டான், அவர்கள் கைவிரித்தனர். ஈற்றில் அபூகுபைஸ் குன்றின்மீதேறி, கஃபாவைச் சூழ்ந்திருந்த குறைஷியர் கேட்கத் தனக்கிழைக்கப்பட்ட அநீதியை உரத்துக் கூறினான்.

நாயகத்தின் தந்தையுடன் பிறந்த ஸுபைர் அக்குரலுக்குச் செவிசாய்த்தார். ஹாஷிம், ஸுஹ்ரா, தைம் முதலான குலத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்திற் கூடினர். மக்காவில் அநீதிக்குள்ளானவர் ஊரவராயினும் அந்நியராயினும், அவரது உரிமை மீளும்வரை அவர் பக்கமே நிற்பதென உறுதி பூண்டனர். வணிகனின் பொருளும் மீட்கப்பட்டது. ஹில்புல் புளூல் என வழங்கும் அவ்வுடன்படிக்கையில் நாயகமும் கலந்துகொண்டார்.

பெருங்குலங்கள் யெமன் வணிகத்தைத் தமதாக்கிக்கொள்வதைத் தடுக்க, நலிந்த குலங்கள் எடுத்த முயற்சியே இது என்பார் ஆய்வாளர் மொண்ட்கோமரி வாட். அவ்வாறே இருக்கட்டும். வணிக நலனிற் பிறந்த ஓர் உறுதிமொழி அந்நலனையும் கடந்து, முகமறியா அந்நியனையும் அணைத்துக்கொண்டதே இதில் நாம் காணும் சிறப்பு.

குலக் காவல் எத்துணை நிலையற்றது என்பதை நாயகமே பின்னர் அனுபவித்தார். 619இல் அபூதாலிப் மறைந்தபின், தாயிபிலிருந்து திரும்பிய அவர், முத்இம் இப்னு அதீ என்பவரின் அடைக்கலம் பெற்றே பிறந்த ஊருக்குள் நுழைய நேர்ந்தது.

உடன்படிக்கையில் நின்றவர்கள் அந்நாளில் முஸ்லிம்கள் அல்லர். எனினும், இஸ்லாம் வந்தபின்னரும் அதன் பேரால் அழைக்கப்பட்டால் தாம் செல்வதாக நாயகம் கூறியதை மரபு போற்றிவைத்திருக்கிறது. நீதிக்காக எடுத்த உறுதியை, உடன் எடுத்தவரின் சமயம் நோக்கி அவர் கைவிடவில்லை.

ஆண்டுகள் பல சென்றபின், மதீனாவின் ஆளுநர் வலீத் இப்னு உத்பா ஒரு சொத்துத் தகராறிலே தமது அதிகாரத்தைக் காட்டி நின்றார். நாயகத்தின் பேரர் ஹுஸைன், பள்ளிவாசலில் எழுந்து நின்று அவ்வுடன்படிக்கையின் பேரால் மக்களை அழைப்பேன் என்றார். துணைநிற்போம் என அப்துல்லாஹ் இப்னு ஸுபைரும் வேறு சிலரும் முன்வந்தனர். ஆளுநர் பணிந்தார்.

தனியொருவனின் முறையீட்டைக் காற்றோடு போகவிடலாம். பலர் கூடி எடுத்த உறுதியை அதிகாரமும் அஞ்சும். குன்றேறிக் குரலெழுப்புவோர் இன்றும் உளர். அவர் எக்குலத்தார், எச்சமயத்தார் என வினவாமல் எழுந்து செல்பவரே அந்த உடன்படிக்கையின் வாரிசுகள் என நாம் கருதுகின்றோம்.