ஒரு நிமிடத்து ஊசி

இன்று கொஞ்சம் சரித்திரம், பொறுமையாகப் படியுங்கள்.

வடசென்னைக்காரர்கள் பலர் பிறந்த இடம் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி. ராஜா சர் சவலை ராமசாமி முதலியார் பெயர் தாங்கி 1880-களிலிருந்து நிற்கிறது. இவ்வளவு பழைய பிரசவ ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தும், நம் பக்கத்துப் பெண்கள் பிரசவத்தில் ஏன் இறந்தார்கள்?

குழந்தை பிறந்து நஞ்சு விழுந்ததும் கர்ப்பப்பை கல் மாதிரி இறுக வேண்டும். அப்போதுதான் ரத்தக்குழாய்கள் நெரிபட்டு அடைபடும். இறுகாவிட்டால் நிமிடத்துக்கு அரை லிட்டர் வரை ரத்தம் போகும். இரண்டு மணி நேரத்துக்குள் உயிரே போய்விடலாம்.

எம்.எம்.டி.ஏ. வீடுகள் வருவதற்கு முந்திய மாத்தூரை நினைத்துப் பாருங்கள். ராத்திரியில் வண்டி கிடைத்து ராயபுரம் போய்ச் சேருவதற்குள் அந்த இரண்டு மணி நேரம் தீர்ந்துவிடும். என் சித்தி ஒருத்தி அப்படித்தான் போனாள். குழந்தை பிழைத்தது. "உதிரம் நிக்கல, அவ விதி" என்று பெரியவர்கள் முடித்துக்கொண்டார்கள்.

மருந்து அப்போதே இருந்தது. 1906இல் இங்கிலாந்தில் ஹென்றி டேல், பிட்யூட்டரி சுரப்பியின் சாறு கர்ப்பப்பையைச் சுருக்குவதைக் கண்டார். 1953இல் அமெரிக்காவில் வின்சென்ட் டு விக்னோ அதிலுள்ள ஆக்சிடோசினைச் செயற்கையாகத் தயாரித்தார். 1955இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் 10 யூனிட் ஊசி போட்டால் பெரும்பாலும் ரத்தப்போக்கைத் தடுக்கலாம். ஆனால் ஊசி போடத் தெரிந்த கை வேண்டும். மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கப் பெட்டியும் மின்சாரமும் வேண்டும்.

அவை இல்லாத இடத்துக்கு என்ன வழி? கர்நாடகத்தின் பெல்காம் கிராமங்களில் 1,620 தாய்மார்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. நர்சம்மாக்கள் மிசோப்ரோஸ்டால் மாத்திரை கொடுத்ததில் ரத்தப்போக்கு 12 சதவீதத்திலிருந்து 6.4 ஆகக் குறைந்தது. 2006இல் வெளியான முடிவு இது. ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடாமல், அளவு குறித்த பிளாஸ்டிக் விரிப்பில் பிடித்து அளந்தார்கள். அதே மாதிரி விரிப்பை வைத்து நான்கு ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. சீக்கிரம் கண்டுபிடித்து உடனே சிகிச்சை தொடங்கியதால் கடுமையான பாதிப்புகள் 60 சதவீதம் குறைந்தன.

நம் மாநிலம் செய்தது என்ன? ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் செவிலியர்கள். மருந்து வாங்கித் தர ஒரு தனிக் கழகம். ஒவ்வொரு தாயின் மரணத்துக்கும் விசாரணை. 2008 முதல் 108 ஆம்புலன்ஸ். லட்சம் பிரசவத்துக்கு 2001-03இல் 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20இல் அது 54 ஆனது.

கிடைத்தது கைநழுவவும் கூடும். மாட்டுக்குத் தவறாகப் போடுகிறார்கள் என்று, 2018இல் தனியார் கம்பெனிகள் ஆக்சிடோசின் தயாரிக்க மத்திய அரசு தடை போட்டது. அவ்வளவு பேருக்கும் ஒரே அரசு நிறுவனம்தான் மருந்து தர வேண்டும் என்ற நிலை. டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது.

54 என்பதும் 54 வீடுகள்தான். எனவே பழைய வாத்தியாரின் வீட்டுப்பாடம்: உங்கள் வீட்டுக் கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு என்று இன்றே கேளுங்கள். ரத்தசோகை உள்ளவள் சிறிய இழப்பையும் தாங்கமாட்டாள். குழந்தை பிறந்ததும் ஆணா பெண்ணா என்று கேட்பதற்கு முன், "அம்மாவுக்கு ஊசி போட்டாச்சா?" என்று கேளுங்கள்.