மலையிறங்கிய மின்சாரம் – 9: ஐந்தாவது அமுக்கில் எழும் பெட்டி

மூணாறை அடுத்த பள்ளிவாசல் என்ற ஊரில் 1940 மார்ச் 19 அன்று டர்பைன் சுழலத் தொடங்கியதையும், அந்த மின்சாரம் மலையிறங்கிப் போய் 1943ல் ஆலுவாவில் அலுமினியம் உருக்கியதையும் போன வாரம் பார்த்தோம். திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரை அரசியலுக்காக எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். மலைமேல் மின் நிலையம், கீழே பெரியாற்றங்கரையில் ஆலை என்று இரண்டையும் முடிச்சுப் போட்டதில் அவர் பங்கைக் கழிக்க முடியாது.

அதே உலோகம் இந்த வாரம் வேறு வேஷத்தில் வருகிறது. ஏறக்குறைய அறுபது ஆண்டு தாண்டிக் குதிக்கிறோம்.

2001ல் கேரள அரசு ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் மூணாறு இருக்கும் தேவிகுளம் தாலுகாவின் பள்ளிகளிலும், பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி பக்கத்துப் பள்ளிகளிலும் பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். பள்ளிக்கு வெளியே டி.டி.பி. சென்டரும் போட்டோ ஸ்டூடியோவும் பிரவுசிங் சென்டரும் முளைத்தன. பாலக்காட்டு எல்லைக்காரர்களுக்குக் கோவையும் பொள்ளாச்சியும் கூப்பிடு தூரம். அசெம்பிள் செய்த பெட்டி அங்கிருந்து பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிடும்.

கூடவே ஒரு புது வியாதியும் வந்து இறங்கியது.

காலையில் பட்டனை அமுக்கினால் சத்தமே இருக்காது. இரண்டாவது தடவை ஃபேன் அரைச்சுற்று சுற்றி நிற்கும். மூன்று, நான்கு... ஐந்தாவது அமுக்கில் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து சாயங்காலம் வரை ஓடும். மறுநாள் காலை மறுபடியும் அதே கூத்து. அடியோடு செத்துப்போன மெஷினைச் சரிசெய்வது சுலபம். அப்பப்போ சாகிற மெஷின்தான் மெக்கானிக்கின் மானத்தை வாங்கும். கடைக்குத் தூக்கி வந்தால் முதல் அமுக்கிலேயே ஆன் ஆகும். “நல்லாத்தானே இருக்கு, அண்ணே” என்று திருப்பி அனுப்பினால் அடுத்த நாள் காலையில் போன் வரும்.

சந்தேகம் ஒவ்வொருவர் மேலாகப் போனது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் லூஸ் கனெக்‌ஷனா? யு.பி.எஸ். பேட்டரியா? ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினார்கள். காசு மாதிரி இருக்கும் சின்ன பேட்டரியை மாற்றினார்கள். சில பெட்டிகள் பிழைத்தன. பல பிழைக்கவில்லை.

* * *

ஏன் என்று புரிய, பட்டன் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். பழைய கம்ப்யூட்டரில் சுவிட்ச் என்றால் சுவிட்ச். 230 வோல்ட்டை நேராக வெட்டும், சேர்க்கும். 1995ல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். முறையில் பட்டன் மதர்போர்டிடம் தகவல் சொல்வதோடு சரி. பிளக் செருகியிருக்கும்வரை, பெட்டிக்குள் மின்சாரம் பங்கிடும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஊதா வயரில் 5 வோல்ட் எப்போதும் காத்திருக்கும். அந்தத் தெம்பில் விழித்திருக்கும் போர்டு, பட்டன் அமுங்கியதும் பச்சை வயரை எர்த்தோடு சேர்க்கும். உடனே எஸ்.எம்.பி.எஸ். 12, 5, 3.3 வோல்ட்டுகளை அனுப்பத் தொடங்கும். எல்லாம் நிலைப்பட்டதும், அரை நொடிக்குள், சாம்பல் வயரில் ‘சரி’ என்று சேதி போக வேண்டும். போகாவிட்டால் பிராசசர் கண் திறக்காது.

எனவே மெக்கானிக் எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் போர்டிலிருந்து பிரித்து, பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு ஜெம் கிளிப்பால் இணைத்துப் பார்ப்பார். ஃபேன் சுற்றினால் உயிர் இருக்கிறது. பலர் இத்தோடு நின்றுவிட்டார்கள், அது போதாது. சுமை ஏறாதவரை யார்தான் நடக்கமாட்டார்கள்? வேறொரு நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் போர்டில் மாட்டிப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை.

மாட்டினார்கள். மறுநாள் காலை, பெட்டி எழவில்லை.

எஸ்.எம்.பி.எஸ். நிரபராதி. ரேமும் நிரபராதி. அப்புறம் யார்?

* * *

மூடியைக் கழற்றி டார்ச் அடித்தவர்களுக்கு விடை கண்ணெதிரே நின்றது. பிராசசரைச் சுற்றி, சுண்டுவிரல் நுனி உயரத்தில், வரிசையாக நிற்கும் கண்டென்சர்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். சிலவற்றின் தலை உப்பி மேடாகியிருந்தது. ஒன்றிரண்டில், உச்சியில் குறுக்காகக் கீறிவிட்டிருக்கும் கோடு பிளந்து, பழுப்பு நிறப் பொருக்கு வெளியே தள்ளியிருந்தது.

உள்ளே இருப்பது நம் பழைய கதாநாயகன்தான். இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகள், நடுவில் ரசாயனத்தில் ஊறிய காகிதம், எல்லாவற்றையும் சுருட்டி டப்பாவில் அடைத்திருக்கும். (ஆலுவாத் தகடு என்று சொல்லவில்லை, உலோகம் அதே, ஊர் வேறு.) வோல்ட்டேஜ் ஏற்ற இறக்கத்தைத் தாங்கிச் சமன் செய்து பிராசசருக்குக் கொடுப்பது இதன் வேலை. ரசாயனம் கெட்டால் உள்ளே தடை கூடும், கொள்ளளவு குறையும். சமன் செய்ய ஆளில்லாத மின்சாரத்தில் பிராசசர் எழ மறுக்கும்.

ஆனால் ஏன் காலையில் மட்டும்? மூணாறில் டிசம்பர், ஜனவரியில் சில எஸ்டேட்களில் புல்லின் மேல் உறைபனி படியும். குளிரில் அந்த ரசாயனத்தின் தடை இன்னும் ஏறும். நல்ல கண்டென்சர் அதைச் சமாளித்துவிடும், நோயாளி விழுந்துவிடும். நாலைந்து தடவை அமுக்குவதற்குள் கொஞ்சம் சூடேறித் தடை இறங்கும், பெட்டி எழும். சந்தேகப்பட்ட கண்டென்சர்மேல் ஹேர் டிரையரைக் காட்டி, உடனே ஆன் ஆகிறதா என்று பார்த்துக் குற்றவாளியைப் பிடித்த கெட்டிக்காரர்கள் உண்டு.

பாலக்காட்டில் கதை தலைகீழ். கணவாய் வழியே வரும் காற்று மார்ச், ஏப்ரலில் அனலாகிவிடும். வெளியே 40 டிகிரி. ஏ.சி. இல்லாத அறை, தூசி அடைத்த ஃபேன், உள்ளே பிராசசரின் சூடு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் கண்டென்சர், ஒவ்வொரு 10 டிகிரி இறங்கும்போதும் ஏறக்குறைய இரண்டு மடங்கு உழைக்கும் என்பது தொழில் கணக்கு. 65 டிகிரியில் 32,000 மணி நேரம்; 75 டிகிரியில் அதில் பாதி. வியாதியை முற்ற வைப்பது பாலக்காட்டு வெயில், காட்டிக்கொடுப்பது மூணாறு குளிர்.

வைத்தியம் சுலபம். அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட்டேஜ் அல்லது ஒருபடி மேல், 105 டிகிரி ரகம்; கழித்தல் குறிப் பட்டை இருந்த பக்கம் மாறாமல் சால்டர் வைக்க வேண்டும். எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

* * *

கணக்கு எங்கோ இடிக்கிறது, கவனித்தீர்களா? 75 டிகிரியே என்றாலும் 16,000 மணி நேரம் வர வேண்டும். தினம் 8 மணி நேரம் ஓடினால் ஐந்து வருஷத்துக்கு மேல். அந்தக் காலத்து போர்டுகளில் பல இரண்டே வருஷத்தில் வீங்கின. வெயிலே இல்லாத ஊர்களிலும் வீங்கின. 1999 முதல் 2007 வரை உலகம் முழுக்க இதே புலம்பல்.

2002 செப்டம்பரில், கண்டென்சர் போன்ற உதிரிபாகத் தொழிலுக்கென்றே வரும் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் செய்தி வந்தது. ஜப்பானின் ரூபிகான் நிறுவனத்தில் இருந்த ஒரு விஞ்ஞானி வேலையை விட்டுச் சீனாவில் ஒரு கம்பெனிக்குப் போய், தண்ணீர் அதிகம் கலந்த ரசாயனம் ஒன்றைத் தயாரித்தார். தடை குறைவு, விலையும் குறைவு. அவரிடம் வேலை பார்த்தவர்கள் அந்தச் சூத்திரத்தைத் தைவானுக்குக் கடத்தினார்கள். கடத்தியது முழுச் சூத்திரம் அல்ல. தண்ணீர் அலுமினியத்தைத் தின்னாமல் தடுக்கும் சேர்மானங்கள் விட்டுப்போயின. தண்ணீரும் அலுமினியமும் சேர்ந்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பின, டப்பா வீங்கியது. கேரளத்திலேயே, கண்ணூரில் மாநில அரசு நிறுவனமான கெல்ட்ரானின் ஆலை இதே இன கண்டென்சர்களைச் செய்துகொண்டிருந்தது. என்ன பயன்? போர்டு வந்தது தைவானிலிருந்து. கண்டென்சரும் அதோடேயே வந்தது.

திருடன் கிடைத்தான், வழக்கு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நீதிமன்றத்தில் யாரும் நிரூபிக்காத கதை என்பதை மறந்தே போனார்கள்.

2010ல் அமெரிக்காவில் ஒரு வழக்கின் ஆவணங்கள் வெளியே வந்தன. 2003 மே முதல் 2005 ஜூலை வரை டெல் நிறுவனம் அனுப்பியவற்றில் குறைந்தது 1 கோடியே 18 லட்சம் கம்ப்யூட்டர்கள் இதே கண்டென்சர் கோளாறால் படுக்கக்கூடியவை. டெக்சாஸ் பல்கலைக்கழகக் கணிதத் துறையில் பெட்டிகள் படுத்தபோது, கடினமான கணக்குகளைப் போடவைத்து மெஷினைக் களைப்பாக்கிவிட்டீர்கள் என்று டெல் நிறுவனம் பதில் சொன்னதாம்!

சிரிப்பு அடங்கியதும் ஆவணத்தை மறுபடி படித்தவர்கள் திடுக்கிட்டார்கள். வீங்கிய அந்த டப்பாக்களின் பெயர் தைவான் பெயர் இல்லை. நிச்சிகான். அசல் ஜப்பான் கம்பெனி.

கதைப்படி, அரைகுறைச் சூத்திரம் போய்ச் சேர்ந்தது தைவானுக்கு. அப்படியென்றால் ஜப்பானுக்குள்ளேயே இருந்த கண்டென்சரைக் கெடுத்தது யார்?

(தொடரும்)