பழைய கார்களின் புகை அளவீடும் டியூனிங்கும்

கார்புரேட்டர் பொருத்திய பெட்ரோல் கார்களில் சைலன்சர் வழியே வெளியேறும் வாயுக்களை அளந்து, அந்த அளவைக் கொண்டு பெட்ரோலும் காற்றும் கலக்கும் விகிதத்தைச் சரிசெய்வது புகை அளவீட்டு டியூனிங் ஆகும். இந்தியாவில் அம்பாசடர், பிரீமியர் பத்மினி, தொடக்க கால மாருதி 800 ஆகியவை இதற்குரிய வண்டிகள். கார்புரேட்டருக்குப் பதில் எரிபொருளைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் இந்த வேலையை ஆக்ஸிஜன் சென்சாரும் கணினியும் நொடிக்குப் பலமுறை செய்துவிடுகின்றன. கார்புரேட்டர் வண்டியில் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் அதைப் பிடித்திருக்கும் கையும்தான் செய்ய வேண்டும்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று இதைவிடக் குறைந்தால் கலவை ‘ரிச்’, கூடினால் ‘லீன்’. ரிச்சாக இருக்கும்போது கார்பன் முழுவதும் எரியாமல் கார்பன் மோனாக்சைடாக வெளியேறுகிறது. லீனாகும்போது அது பூஜ்யத்தை நெருங்கும், மிஞ்சிய ஆக்ஸிஜன் புகையில் தெரியும். எரியாத பெட்ரோலான ஹைட்ரோகார்பன் இரண்டு பக்கமும் ஏறக்கூடியது: மிகவும் ரிச்சானாலும் ஏறும், லீனாகி மிஸ்ஸிங் தட்டினாலும் ஏறும். கார்பன் டை ஆக்சைடு சரியான விகிதத்துக்கு அருகில்தான் உச்சத்தில், அதாவது 14 முதல் 15 விழுக்காட்டில், நிற்கும். ஆகவே ஒரே ஒரு வாயுவின் எண்ணை வைத்துக்கொண்டு எஞ்சினின் நிலையைச் சொல்ல முடியாது.

சட்டம் கேட்பது குறைவுதான். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115-ஆவது விதி, பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய நான்கு சக்கர பெட்ரோல் வண்டிகளுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 விழுக்காடு, ஹைட்ரோகார்பன் 1500 பி.பி.எம். என வரம்பு வைக்கிறது. பாரத் ஸ்டேஜ் 2 வண்டிகளுக்கு இவை 0.5 விழுக்காடாகவும் 750 பி.பி.எம். ஆகவும் இறங்குகின்றன. பழைய வண்டிக்குப் புகைச் சான்று ஆறு மாதத்துக்குச் செல்லும். 2.9 விழுக்காடு காட்டும் கார் சான்று பெற்றுவிடும். ஆனால் அது பெட்ரோலை வீணாகக் குடிக்கும் கார்தான். சான்று கிடைத்துவிட்டது என்பதால் டியூனிங் சரியாக இருக்கிறது என்று கொள்வதற்கில்லை. ஆம்னி பஸ்களும் டவுன் பஸ்களும் நெருக்கும் திருநெல்வேலி வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் கார் நகராமல் நிற்கும் நேரத்தில் எஞ்சின் ஓடுவது இந்த ஐடில் கலவையில்தான் என்பதால், நகர ஓட்டத்தில் இதன் பலன் உடனே தெரியும்.

பரிசோதனை நிலையங்களில் உள்ள கருவி, அகச்சிவப்பு ஒளியைப் புகை வழியே செலுத்தி, எந்த அலைநீளம் எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று பார்க்கிறது. ஆக்ஸிஜனை மட்டும் ஒரு மின்வேதி செல் தனியே அளக்கும். அந்த செல் நாள்பட்டால் தேய்ந்துபோகும். நான்கு வாயுக்களையும் காட்டும் இத்தகைய கருவி வீட்டுக்கு வாங்கக் கூடிய விலையில் இல்லை. வீட்டில் செய்வோருக்கு வேறு மூன்று வழிகள் உண்டு. பிரிட்டனின் கன்சன் நிறுவனம் விற்ற ‘காஸ்டெஸ்டர்’ போன்ற சிறு கருவி கார்பன் மோனாக்சைடை மட்டும் விழுக்காட்டில் காட்டும். அதே நிறுவனத்தின் ‘கலர்டியூன்’, கண்ணாடி பதித்த ஸ்பார்க் பிளக்; சிலிண்டருக்குள் எரியும் சுடரின் நிறத்தை நேரே பார்க்கலாம். மஞ்சள் என்றால் ரிச், பன்சன் அடுப்பின் நீலம் என்றால் சரி, வெளிறிய நீலம் என்றால் லீன். மூன்றாவது, சைலன்சர் குழாயில் பற்றவைத்த வளையத்தில் திருகும் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார். ஓடும்போதும் அளவு காட்டுவது இது ஒன்றுதான். வீடுகளில் மாட்டும் கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் குழாயில் வைத்துப் பார்ப்பது பயனற்றது. அது சில நூறு பி.பி.எம். அளவுக்கானது, 3 விழுக்காடு என்பதோ 30,000 பி.பி.எம்.

அந்த 30,000 என்ற எண்ணே எச்சரிக்கையும் ஆகும். மணமோ நிறமோ இல்லாத இந்த வாயு ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். மூடிய கார் ஷெட்டில் எஞ்சினை ஓடவிட்டு அளக்கக் கூடாது; வெட்டவெளியில், காற்று போகும் பக்கம் பார்த்து வண்டியை நிறுத்த வேண்டும்.

கலவையில் கைவைப்பதற்கு முன் மற்றவை எல்லாம் சரியாக இருக்க வேண்டும். டேப்பெட் கிளியரன்ஸ், பிளக், பாயிண்ட் இடைவெளி, டைமிங், ஏர் ஃபில்டர் என்பது வரிசை. அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சினுக்குப் பாயிண்ட் இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர். பாயிண்ட் தேய்ந்து மிஸ்ஸிங் அடிக்கும் எஞ்சினில் ஹைட்ரோகார்பன் பல மடங்கு ஏறும். அதை மிக்சர் ஸ்க்ரூவால் இறக்க முயல்வது வீண் வேலை. எஞ்சின் நன்றாகச் சூடாகி, சோக் முழுவதும் திறந்திருக்க வேண்டும். அளவுக்குழாயைச் சைலன்சருக்குள் குறைந்தது 30 சென்டிமீட்டர் செலுத்த வேண்டும்.

சோலக்ஸ் வகைக் கார்புரேட்டரில் மிக்சர் ஸ்க்ரூவை உள்ளே திருகினால் லீன், வெளியே எடுத்தால் ரிச். கால் சுற்று திருப்பி, எண் நிலைக்கும் வரை காத்திருந்து, ஐடில் வேகத்தை மறுபடி சரிசெய்து, பிறகே அடுத்த கால் சுற்று. பழைய அம்பாசடர்களில் காணப்படும் எஸ்.யூ. கார்புரேட்டரில் அடியில் உள்ள ஜெட் நட்டைத் திருக வேண்டும். அதற்குக் கருவியே இல்லாத ஒரு சோதனையும் உண்டு. கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஊசியால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்தினால், எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் ரிச். அணையப் பார்த்தால் லீன். லேசாக ஏறி உடனே இறங்கினால் சரி. கார்பன் மோனாக்சைடு 1.5 முதல் 2.5 விழுக்காட்டுக்குள் எஞ்சின் சீராக ஓடினால் பழைய காருக்கு அது போதுமானது. பாரத் ஸ்டேஜ் 2 வண்டியின் 0.5-ஐ எட்டப் பார்த்தால் பெரும்பாலும் ஐடில் குலுங்கும்.

ஓட்டை விழுந்த சைலன்சர் அளவையே பொய்யாக்கும். வெளிக்காற்று கலந்து எண்கள் எல்லாம் குறைந்து தெரியும். இதைக் கண்டுபிடிக்கக் கார்பன் மோனாக்சைடையும் கார்பன் டை ஆக்சைடையும் கூட்டிப் பார்ப்பது வழக்கம். கூட்டுத்தொகை 15-க்குக் குறைந்தால் அளவைத் திருத்த வேண்டும். கருவி 2.0 மற்றும் 8.0 காட்டுகிறது என்றால் கூட்டுத்தொகை 10. அப்போது உண்மை அளவு 2.0-ஐ 15-ஆல் பெருக்கி 10-ஆல் வகுக்கக் கிடைக்கும் 3.0. நன்றாக இருப்பதுபோல் தெரிந்த கார் வரம்பின் விளிம்பில் நிற்கிறது. கார்பன் மோனாக்சைடு மட்டும் காட்டும் கருவியில் இந்தக் கணக்குப் போட வழியில்லை என்பதால், முதலில் துணியால் குழாய் வாயை நொடி நேரம் அடைத்து, எங்காவது புஸ்ஸென்று கசிகிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

டீசல் அம்பாசடர்களுக்கு இந்த முறை எதுவும் பொருந்தாது. அவற்றில் அளப்பது புகையின் கருமை. பழைய வண்டிகளுக்கு வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு.

எத்தனால் கலப்பு பழைய கணக்கைக் கலைத்திருக்கிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2023-இல் விற்பனைக்கு வந்தது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் அது எரியக் குறைந்த காற்றே போதும். இந்தக் கலவைக்கு விகிதம் சுமார் 13.5. வெறும் பெட்ரோலுக்கு வைத்த கார்புரேட்டரில் இதை ஊற்றினால் கலவை லீனாகும்: கார்பன் மோனாக்சைடு அழகாக இறங்கும், வண்டியோ ஏற்றத்தில் இழுக்காது, எஞ்சின் சூடேறும். ஐடிலை ஸ்க்ரூவால் மீட்கலாம். ஓட்டத்துக்கு மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்க வேண்டியிருக்கும். வைட்பேண்ட் கருவியில் விகிதத்தைப் பார்க்காமல் லாம்டாவை, அதாவது உள்ள காற்று தேவையான காற்றில் எத்தனை மடங்கு என்பதை, பார்ப்பதே சரி. எந்த எரிபொருளானாலும் சமநிலை 1 என்றே காட்டும். பழைய ரப்பர் குழாய்களும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரமும் எத்தனாலில் ஊறிக் கெடும் என்பதால் அவற்றையும் மாற்ற வேண்டும்.

உயரமும் கணக்கில் வரும். கடல் மட்டத்திலிருந்து ஐம்பது மீட்டர் உயரம்கூட இல்லாத திருநெல்வேலியில் டியூன் செய்த கார், மணிமுத்தாறு வழியாக மாஞ்சோலைக்கு ஏறும்போது ஆயிரம் மீட்டரைத் தாண்டுகிறது. அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. கலவை 5 விழுக்காடு அளவுக்கு ரிச்சாகும், ஐடில் தடுமாறும், பிளக்கில் கரி படியும். மேலே நின்று ஸ்க்ரூவை உள்ளே திருகினால் வண்டி அங்கே சீராக ஓடும். ஆனால் மலையை விட்டு இறங்கியதும் அதே ஸ்க்ரூ லீன் நிலையில் நிற்கும் என்பதால், எத்தனை சுற்று திருப்பப்பட்டது என்று குறித்துவைத்து அடிவாரத்தில் பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும்.