பெயரட்டையும் மகரந்தமும்: குடுவைச் செடிகளின் தூய்மை பற்றி

இலங்கையில் தமிழ் மொழிமூலம் உயிரியல் படித்தவர்களுக்கு உயிர்ப் பாகுபாட்டின் வரிசை மனப்பாடமாக இருக்கும்: கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம். தமிழகத்தில் கடைசி இரண்டையும் பேரினம், சிற்றினம் என்பார்கள். எங்கள் கலைச்சொல்லாக்கக் குழுவினரோ வருணத்தையும் சாதியையும் அப்படியே எடுத்துத் தாவரங்களுக்குச் சூட்டினார்கள். வேறு சொல் அகப்படாமல் எடுத்தார்களா, கைக்கெட்டிய தூரத்தில் கிடந்ததை எடுத்தார்களா என்பது தனியே விவாதிக்கப்பட வேண்டிய விடயம். இக்கட்டுரையில் நாம் படித்த சொற்களையே வைத்துக்கொள்கிறேன். நான் எழுதப்போகும் செடியின் வரலாறு, ஒரு சாதிக்குள் இனங்கள் எவ்வளவுக்குக் கலப்பற்றவை என்ற கேள்வியைச் சுற்றியே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவருகிறது.

செடி நெப்பெந்தஸ். இலையின் நுனி நரம்பாக நீண்டு, அந்த நரம்பின் முனை மூடியோடு கூடிய குடுவையாகும். குடுவைக்குள் விழும் எறும்பும் பூச்சியும் அதன் நீரில் கரைந்து செடிக்கு உணவாகும். இந்தச் சாதியில் இன்று 160க்கு மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. பெரும்பாலானவை போர்னியோ, சுமாத்திரா, பிலிப்பைன்ஸ் மலைகளுக்கு உரியவை. ஆனால் சாதிக்கே பெயர் வாங்கிக்கொடுத்தது இலங்கைச் செடி. தென்மேற்கின் ஈரவலயத்தில், சிங்கராஜக் காட்டோரங்களில் படரும் இக்கொடியைச் சிங்களத்தில் பாந்துரா என்பார்கள். 1677இல் டென்மார்க்கின் தோமஸ் பார்த்தோலின் இதை 'வியத்தகு மூலிகை' என்ற பொருளில் இலத்தீனில் குறிப்பிட்டார். மூன்றாண்டுகளின் பின் யாக்கொப் பிறைனே உள்ளூர்ப் பெயரையே வாங்கி 'சிங்களவரின் பாந்துரா' என எழுதினார். 1737 எனத் திகதியிடப்பட்ட தனது 'ஹோர்ற்றுஸ் கிளிஃபோர்ட்டியானுஸ்' நூலில் லினேயஸ் அந்தப் பெயரைத் தள்ளிவிட்டு ஹோமரிடம் போனார். ஒடிசியில் ஹெலன், துயருற்று அமர்ந்திருப்போரின் வைனில் துயர் மறக்கச் செய்யும் மருந்தொன்றைக் கலக்கிறாள். அம்மருந்தின் பெயர்தான் நெப்பெந்தே. நெடும்பயணம் செய்து களைத்த தாவரவியலாளன் இச்செடியைக் கண்டால் பட்ட துன்பமெல்லாம் மறப்பான் என்பது லினேயஸ் சொன்ன நியாயம். அவர் இலங்கைக்குப் போனதேயில்லை. 1753இல் அதே செடிக்கு நெப்பெந்தஸ் டிஸ்ரிலற்றோரியா என்ற இரட்டைப் பெயரையும் இட்டார். துயர் மறக்கும் மருந்தின் பெயரைச் சுமந்த செடி எங்கள் தீவிலிருந்து வந்தது என்பதைப் புகலிடத்தில் இருந்துகொண்டு வாசிக்கையில் சிரிப்பதா வேறென்ன செய்வதா என்று எனக்குத் தெரிவதில்லை.

பெயர் இடப்பட்டதுமே பெயர்க் குழப்பமும் தொடங்கிற்று. எடின்பரோத் தாவரவியற் பூங்காவுக்குப் பொறுப்பாயிருந்த ரொபர்ட் கிரஹாம் 1827இல் டிஸ்ரிலற்றோரியா என்று விவரித்த செடி இலங்கையினது அல்ல. அது இன்றைய மேகாலயாவின் காசி, காரோ மலைகளுக்கு உரியது. அங்குள்ள காரோ மக்கள் அதைப் 'பேயின் கூடை' என்று பொருள்படும் பெயரால் அழைப்பர். 1873இல் யோசப் ஹூக்கர் அதற்குக் காசியானா என்று தனிப்பெயர் தந்தார். இதற்கிடையில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்துவிட்டது. எனவே அக்காலத் தோட்டக் குறிப்பேடுகளில் ஒரு கலப்பினத்தின் பெற்றோரில் ஒன்று டிஸ்ரிலற்றோரியா என்று எழுதியிருந்தால், அது எந்தத் தீவினது, எந்த மலையினது என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. கலப்புச் செய்யும் கைக்கு முன்பே எழுதும் கை பிழைத்துவிட்டது.

கலப்புக்கு வருகிறேன். லண்டன் செல்சியில் இருந்த வீச் நிறுவனத்தார் உலகின் மூலைமுடுக்குகளுக்கு ஆட்களை அனுப்பிச் செடி சேகரித்த வணிகர்கள். ஓவியர் மரியான் நோர்த் 1876இல் சரவாக்கில் தீட்டிய ஓவியமொன்றில் முன்பின் காணாத பெரிய குடுவை இருப்பதைப் பார்த்த ஹரி வீச், அதைத் தேடிப்பிடிக்கச் சார்ள்ஸ் கேர்ட்டிஸ் என்பவரைப் போர்னியோவுக்கே அனுப்பினார். அதுதான் நோர்த்தியானா. இந்நிறுவனத்தின் தோட்டக்காரர் ஜோன் டொமினி, ஓர்க்கிட் கலப்பினத்தை முதலில் பூக்கவைத்துப் பெயர்பெற்றவர். 1862இல் அவர் உருவாக்கிய குடுவைச் செடிதான் மனிதக் கையால் ஆன முதல் நெப்பெந்தஸ் கலப்பினம். பெற்றோரில் ஒன்று ராஃப்லேசியானா. மற்றையது எது என்பதில் இன்றளவும் ஒருமித்த கருத்தில்லை! முதற் கலப்பினத்தின் பிறப்புப் பதிவே பாதி வெறுமையாகக் கிடக்கிறது. அதன் பின் நாற்பது ஆண்டுகள் இங்கிலாந்தின் கண்ணாடி வீடுகளில் கலப்பினங்கள் பெருகின. முதலாம் உலக யுத்தத்தோடு நிலக்கரியும் ஆளும் இல்லாமற்போக அந்த மோகம் அடங்கிற்று. செடிகளோடு சேர்ந்து குறிப்பேடுகளும் தொலைந்தன.

நெப்பெந்தஸ் இவ்வளவு இலகுவாகக் கலப்பதற்கு இரண்டு காரணங்கள். முதலாவதை யாழ்ப்பாணத்தவருக்கு விளக்கத் தேவையில்லை: பனையைப் போல இதிலும் ஆண் வேறு, பெண் வேறு. வடலி பாளை தள்ளும்வரை அது ஆணா பெண்ணா என்று யாராலும் சொல்ல முடியாதது போல, இச்செடியும் பூக்கும்வரை தன்னைக் காட்டிக்கொடாது. பல ஆண்டு வளர்த்த செடி ஒருநாள் பெண்ணாகப் பூக்கும்போது, அதே இனத்தின் ஆண் செடியொன்று அதே வாரத்தில் யாரிடமாவது பூத்திருக்க வேண்டும். பெரும்பாலும் இருக்காது. பக்கத்தில் வேறோர் இனம் பூத்திருக்கும். தோட்டக்காரன் தூரிகையை எடுத்துவிடுகிறான். இரண்டாவது காரணம், எண்ணிப் பார்க்கப்பட்ட இனங்களில் அநேகமாக எல்லாவற்றுக்கும் நிறமூர்த்தங்கள் 80 என்பது. ஆகவே கழுதையும் குதிரையும் கூடிய கோவேறு கழுதையின் கதை இங்கே இல்லை. கலப்புப் பிள்ளைகள் மலடல்ல. அவையும் தமக்குள்ளும் பெற்றோரோடும் மீண்டும் கலக்கும்.

இதைக் காட்டிலேயே கவனித்தவர் பெனெடிக்டுஸ் டான்சர் என்ற ஒல்லாந்தர். யாவாவின் பொய்ற்றன்சோர்க்கில், இன்றைய போகோரில், பணியாற்றிய இவர் 1928இல் ஒல்லாந்தர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளின் நெப்பெந்தஸ்கள் பற்றி வெளியிட்ட நூலில் 65 இனங்களை ஏற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு அவர் எழுதிய கட்டுரையொன்று நம் கேள்விக்கு மிக நெருக்கமானது. இனம் என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் அளக்க முடியாதென்று கண்டு அவர் மூன்று சொற்களை முன்வைத்தார். கலப்பினம் தரக்கூடிய தொடர்பினால் பிணைந்த உயிர்களெல்லாம் சேர்ந்து ஒரு கொம்பாரியம். மரபைத் தமக்குள் பரிமாறிக்கொள்ளக் கூடியவை ஒரு கொம்மிஸ்குவம். அப்படிப் பரிமாறக் கூடியவையாயிருந்தும் இடத்தினால் பிரிந்து தனித்துத் தமக்கென்று ஒரு தோற்றம் கொண்டு வாழும் கூட்டம் கொன்விவியம். 'கூடி வாழ்தல்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. இந்த அளவுகோலை நெப்பெந்தஸ் மீது வைத்தால் நாம் இனம் என்று சொல்பவற்றுட் பல கொன்விவியங்களாகவே நிற்கும். அவற்றைப் பிரித்து வைத்திருப்பது மலையின் உயரம், மண், பூக்கும் காலம், கடல். இரத்தத்தில் எழுதப்பட்ட வேலி ஏதுமில்லை.

(டான்சர் இதை எழுதிய அதே காலனியில் 1925ஆம் ஆண்டின் ஆட்சிச் சட்டம், 163ஆம் பிரிவில், குடிகளை ஐரோப்பியர், சுதேசிகள், அந்நியக் கீழைத்தேயத்தவர் என்று மூன்றாகப் பிரித்திருந்தது. சுதேசிப் பெண்ணுக்குப் பிறந்த குழந்தையை ஐரோப்பியத் தகப்பன் சட்டப்படி ஏற்றுக் கையெழுத்திட்டால் அது ஐரோப்பியர், இடாவிட்டால் சுதேசி. அங்கும் ஒரு பெயரட்டைதான்.)

வேலிகள் அசைந்தால் என்னவாகும் என்பதையும் காட்டில் பார்க்கலாம். மண்சரிவு, தெரு, வெட்டிய காடு என்று நிலம் திறந்த இடங்களில் வெவ்வேறு இனங்கள் அடுத்தடுத்து வேர்கொள்ளும். கலப்பினங்கள் அங்கேதான் அதிகம். ஹூக்கரின் பெயர் தாங்கிய ஹூக்கெரியானா நெடுங்காலம் தனி இனமென்றே நம்பப்பட்டது. அது ஆம்புல்லாரியாவும் ராஃப்லேசியானாவும் தாமாகக் கூடிப் பிறந்தது. எதிர்த்திசையிலும் உதாரணம் உண்டு. போர்னியோவின் ஹுர்ரெல்லியானா 2003இல் இனமாக விவரிக்கப்பட்டது. ஃபுஸ்காவும் வீச்சியையும் எப்போதோ கலந்ததன் வழிவந்தது அது என்பது பரவலான கருத்து. இன்று அது தன் பெற்றோரை நாடாமல் தன்னைத் தானே இனம் பெருக்கி நிற்கிறது. கலப்பினம் எத்தனை தலைமுறையில் இனமாகிறது? இதற்கு யாரிடமும் எண் கிடையாது.

நான் பல ஆண்டுகளாக ஜேர்மனியில், வீட்டின் நிலக்கீழ் அறையில், குழல்விளக்குகளின் கீழ் இச்செடிகளை விதையிலிருந்து வளர்க்கிறேன். விதை என்றால் நெல்லையும் எள்ளையும் நினைக்க வேண்டாம். தலைமயிர்த் துண்டு போலிருக்கும்; நடுவில் ஒரு சிறு தடிப்பு, அங்கேதான் கரு. காற்றில் பறப்பதற்கென்று ஆனது. பறித்து வைத்தால் சில மாதங்களுக்குள் உயிர் போய்விடும். உயிருள்ள ஸ்பக்னம் பாசியை நறுக்கிப் பரப்பி, அதன் மேலே தூவ வேண்டும், மூடக் கூடாது. மழைநீர் அல்லது வடித்த நீர் மட்டும். குழாய்நீரின் சுண்ணாம்பு ஆகாது, உரமும் ஆகாது. ஒன்று முதல் மூன்று மாதம் பொறுத்தால் ஊசிமுனையளவில் இரண்டு வித்திலைகள் தெரியும். அதற்கடுத்து வரும் இலையிலேயே குடுவை இருக்கும், கடுகைவிடச் சிறிதாக. அந்த வயதில் எல்லா இனமும் ஒரே முகம். எது எதுவென்று அறிய இரண்டு மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். உயர்மலை இனங்களானால் அதற்கும் கூடுதலாக.

விதையிற் பிறப்பதற்குத் தாயில் சந்தேகம் இல்லை. தந்தை எவரென்பது விதை தருபவரின் சொல். இத்துறையின் எழுத்து வழக்கில் தாய்ப் பெயர் முதலில், பெருக்கற்குறி, பின் தந்தை. விற்பனையாளர் ஒருவர் இனவிதை என்று அனுப்பிய பொட்டலத்திலிருந்து எனக்கு மூன்று ஆண்டுகளின் பின் கிடைத்தவை ஒன்றுக்கொன்று முகம் ஒவ்வாத பதினொரு கன்றுகள். ஒன்றின் குடுவை ஒடுங்கிப் பச்சையாக, இன்னொன்றினது குண்டாய்ச் சிவந்து. கலப்பினத்தின் பிள்ளைகளில்தான் இப்படிச் சிதறும்.

இங்கேதான் வளர்ப்போர் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். ஒரு கட்சிக்குக் கலப்பினம் என்றால் அழுக்கு. அத்தகைய கன்றுகளைக் குப்பையில் போடச் சொல்வார்கள். பேச்சில் 'சுத்தம்', 'மாசு' என்ற சொற்கள் தாராளமாக வரும். நம்மில் அநேகருக்கு இச்சொற்களைக் கேட்டதும் காது விறைப்பது இயல்பு. எனக்கும்தான். அதனால் மறுகட்சியின் வாதம் நமக்கு இனிக்கும்: எல்லாமே கலந்து வந்தவை, இனம் என்பதே கற்பிதம், பெயரட்டையைப் பிடுங்கி எறி. டான்சரைக் காட்டியே இதைச் சொல்பவர்களும் உண்டு. டான்சர் கொன்விவியம் என்ற சொல்லை எதற்காக உண்டாக்கினார் என்பதை இவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

தோரெலியை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு மருத்துவர் குளோவி தோரெல் 1860களில் தென்வியட்நாமில் சேகரித்த காய்ந்த மாதிரிகளை வைத்து 1909இல் லெகொம்ற் விவரித்த இனம் அது. அதன் பிறகு அந்தச் செடி கண்ணிற் படவில்லை. ஆனால் பெயர் மட்டும் உலகெங்கும் விற்பனையிலிருந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் யப்பானிலும் எத்தனையோ பேர் தோரெலி என்று நம்பி வளர்த்தார்கள், கலப்புச் செய்தார்கள், பிள்ளைகளுக்குப் பெயரும் வைத்தார்கள். மூலமாதிரியோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது அவை வேறு இந்தோசீன இனங்களாகவும் கலப்பினங்களாகவும் இருந்தன. உண்மையான செடி அழிந்துவிட்டதோ என்ற அச்சம் எழுந்தது. 2011இல் கம்போடிய எல்லையோரம், தாய்நின் மாகாணத்தின் லோ கோ-சா மாத் தேசியப் பூங்காவில் அது மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்க யுத்தத்தின்போது குண்டு விழுந்து எரிந்த நிலப்பரப்பு அது. யுத்தத்துக்குத் தப்பி நின்ற செடியை, பாதுகாப்பாக இருந்த தோட்டங்களில் ஒருவரும் வைத்திருக்கவில்லை. வைத்திருந்ததெல்லாம் அதன் பெயரை.

இந்த இழப்புக்குக் கலப்பைக் குற்றஞ்சாட்ட முடியாது. கலந்ததை எழுதி வைக்காததும், எழுதாத இடத்தைத் தெரிந்த பெயரால் நிரப்பியதும்தான் காரணம். ஒரு செடி கலப்பற்றதா என்று நான் இப்போது கேட்பதில்லை. தாய் எந்த மலையில் எடுத்தது, மகரந்தம் யாருடையது, யார் பார்த்தது என்று கேட்கிறேன். இலங்கைப் பாந்துராவைப் பற்றியும் இதே கேள்விதான். மடகஸ்கார், சீசெல்ஸ், காசி மலைச் செடிகளைப் போல அதுவும் சாதியின் மரத்தில் மிக முன்னரே பிரிந்துபோன கிளையென 2001இல் மெய்ம்பேர்க் குழுவினரின் மரபணு ஆய்வு காட்டிற்று. கண்ணாடி வீட்டில் அது போர்னியோச் செடியோடு தடையின்றிக் கலக்கிறது. கலக்கட்டும், அழகான பிள்ளைகள் பிறக்கின்றன. அந்தப் பிள்ளையைப் பாந்துரா என்றே பெயரிட்டு யாராவது ஒருநாள் நல்ல மனதோடு சிங்கராஜக் காட்டோரத்தில் கொண்டுபோய் நட்டால் நிலைமை வேறு. அத்தனை காலமாகக் கடல் காத்துவந்ததை ஒரு பிளாஸ்ரிக் அட்டை ஒரு தலைமுறையில் குலைத்துவிடும்.

அந்தப் பதினொரு கன்றுகளையும் நான் வெளியே போடவில்லை. பொட்டலத்தில் இருந்த பெயரையும் அவற்றுக்கு வைக்கவில்லை. ஒவ்வொன்றின் அட்டையிலும் விதை வந்த திகதி, முளைத்த திகதி, விற்றவர் சொன்ன பெயர், அதன் கீழே 'தாயும் தந்தையும் உறுதியில்லை' என்று எழுதியிருக்கிறேன். கன்று கேட்டு வருபவர்களில் பாதிப்பேர் அந்த வரியைப் படித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். வாங்கிச் செல்பவர்களிடம் அட்டையை மாற்ற வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நான்கு கன்றுகள் இவ்வாறு போயிருக்கின்றன. மிகுதியில் ஒன்று இவ்வருடம் பூத்தது, ஆண்.