தோட்டத் தொழிலாளரும் மருந்தின் அளவும்

பெருந்தோட்ட வரலாற்றை ஆராய்வோர் கூலியின் அளவை நோக்குதல் போன்றே மருந்தின் அளவையும் நோக்குதல் தகும். பதுளை, பசறை, அப்புத்தளை முதலிய ஊவாப் பகுதிகளிலும் ஏனைய மலைநாட்டுத் தோட்டங்களிலும் லயங்களில் வாழ்ந்த தொழிலாளரை வருத்திய நோய்களுள் ஒன்று கொழுக்கிப்புழு நோய். ஈரமண்ணில் வெறுங்காலுடன் நடப்போரின் தோலைத் துளைத்துப் புகும் இப்புழு, குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சி இரத்தச்சோகையை விளைக்கும்.

இலங்கையில் இந்நோயை ஒழிக்கும் இயக்கம், அமெரிக்க றொக்பெல்லர் தாபனத்தின் துணையுடன், 1916-இல் மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கிற்று. தைமோலும் கெனோபோடிய எண்ணெயும் அக்காலத்து மருந்துகள். பின்னதன் அளவு சற்று மிகினும் சிறுவரின் நரம்புக்கும் செவிப்புலனுக்கும் கேடு நேரும். ஆதலின் வயதுக்கேற்ப அளவைக் குறைத்தனர்.

1921-இல் மோரிஸ் ஹோல் என்னும் அமெரிக்க அறிஞர் காபன் நாற்குளோரைட்டை முன்மொழிந்தார். அடுத்த ஆண்டே இலங்கையில் நிக்கல்ஸ், ஹாம்ப்டன் இருவரும் அதனை நோயாளருக்கு அளித்து ஆராய்ந்தனர். டொக்கர்ட்டி, பேர்ஜஸ் என்போர் மரணதண்டனை பெற்ற கைதிகளுக்கு அதனைக் கொடுத்து, பின்னர் அவர்தம் ஈரலைச் சோதித்தனர். அச்சோதனையின் அறம் ஒருபுறம் நிற்க, கைதிகள் சிலரின் ஈரல் குழந்தையின் ஈரலுக்கோ கருவுற்ற தாயின் ஈரலுக்கோ சான்றாகுமா?

ஆகாது என்பதை அனுபவம் உணர்த்திற்று. மருந்து பரவிய நாடுகளில் மரணங்களும் நேர்ந்தன. மது அருந்துவோரும், உடலில் சுண்ணாம்புச்சத்துக் குன்றிய சிறுவரும் எளிதில் பாதிக்கப்பட்டனர். காரணம் பின்னரே தெளிவாயிற்று. ஈரலிலுள்ள ஒரு நொதியமே இம்மருந்தை நச்சுப்பொருளாக மாற்றுகின்றது. மது அந்நொதியத்தைப் பெருக்குகின்றது. குடிப்பழக்கம் ஆடவரிடையே மிகுந்திருக்குமிடத்து, இயற்கையன்றி வழக்கமே ஆண் பெண் வேறுபாட்டைத் தோற்றுவிக்கும்.

இயற்கை வேறுபாடும் உண்டு. பிறந்த குழந்தையின் ஈரல் முதிராதது. முதியோரின் சிறுநீரகம் தளர்ந்தது. சோல்பிடெம் என்னும் உறக்கமருந்து பெண்ணுடலில் மெதுவாகவே நீங்குதலின், 2013-இல் அமெரிக்க அரசு பெண்களுக்குரிய அளவைப் பாதியாக்கியது.

1927-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் ஆண், பெண், சிறுவர் என மூவகைக் கூலி விதிக்கப்பட்டது. 1984-இல் பெண்ணும் ஆணுக்கு நிகரான கூலி பெற்றாள். கூலியில் வேற்றுமை காட்டுதல் அநீதி. மருந்தில் வேற்றுமை காணாமை அநீதி. எளியோரைத் தொகையாக எண்ணிய காலம் இவ்விரண்டையும் மாறிச் செய்யும் அபாயத்தில் நின்றது. ஒவ்வோர் உடலையும் தனியே மதிக்கும் மருத்துவமே அம்மக்களை மாந்தராக மதிப்பதாகும்.